அந்த மஸ்டாங்குக்கு ஒரு கொலையும் நடக்கேல்லை

'டோக்கியோ ட்ரிஃப்ட்' 2006இல் வந்த படம். இவ்வளவு காலம் போயும் அதில் வருகிற கடைசிக் காரைப் பற்றிக் கதை எடுத்தால் போதும், கார்ப் பைத்தியங்கள் இரண்டாகப் பிரிந்து சண்டை பிடிக்கத் தொடங்கிவிடும். 1967ஆம் ஆண்டு ஃபோர்ட் மஸ்டாங். தகப்பன் திருத்துறன் திருத்துறன் எண்டு கராஜில் போட்டு வைத்திருந்தது. அதற்குள் மகனும் கூட்டாளிகளும் சேர்ந்து, நொறுங்கிப்போன ஒரு நிஸான் சில்வியாவில் இருந்து கழற்றிய ஆர்பி26 எஞ்சினைப் பூட்டுகிறார்கள். வரிசையாக ஆறு சிலிண்டர், இரண்டு டேர்போ. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் பழைய கார் பக்தர்கள் இதைச் சொல்லும்போது பாவிக்கிற சொற்களைக் கவனியுங்கள்: கொலை, துரோகம், அவமானம், புனிதத்தைக் கெடுத்தது.

எந்தப் புனிதம்?

1967 மஸ்டாங்கை வாங்கப் போனவருக்கு, மேலதிகக் காசு கொடுக்காவிட்டால் ஃபோர்ட் கொம்பனி கொடுத்த எஞ்சின் வி8 இல்லை. வரிசை ஆறு சிலிண்டர்தான். 200 கன அங்குலம், எங்கட கணக்கில் 3.3 லீற்றர் அளவு, 120 குதிரைவலு. ஃபால்கன் என்ற சாதாரண குடும்பக் காரின் அடித்தளத்தில் அழகான சட்டை போட்டு விற்றதுதான் மஸ்டாங். 'மஸ்டாங்குக்கை ஆறு சிலிண்டரோ, சீ!' என்று முகம் சுளிக்கிறவர்கள், அந்தக் காரின் பிறப்புச் சான்றிதழையே வாசிக்கவில்லை. அதை விடுங்கோ, மற்றப் பக்கம் பாருங்கோ. அந்த சில்வியா எஸ்15க்கு நிஸான் போட்ட எஞ்சின் நாலு சிலிண்டர். ஆர்பி26 பிறந்தது ஸ்கைலைன் ஜீரிஆருக்கு. ஆக, மஸ்டாங்குக்குள் போக முன்னமே அந்த எஞ்சின் ஒருமுறை வீடு மாறிவிட்டது.

எஞ்சினை மாற்றுவது கராஜ்காரப் பெடியள் கண்டுபிடித்த கெட்ட பழக்கம் என்று நினைக்க வேண்டாம். கொம்பனிகளே செய்த வேலை. யாழ்ப்பாணத்துக்காரருக்கு மொறிஸ் மைனரைத் தெரியும். 1948இல் அது வரும்போது இருந்தது மொறிஸின் சொந்த எஞ்சின், 918 சீசீ. 1952இல் மொறிஸும் ஒஸ்ரினும் ஒன்றாகச் சேர்ந்தன. அதுவரைக்கும் இரண்டும் பரம எதிரிகள். சேர்ந்ததும் முதல் வேலையாக மொறிஸ் எஞ்சினைத் தூக்கிவிட்டு ஒஸ்ரினின் 803 சீசீ எஞ்சினைப் போட்டார்கள். இண்டைக்கு 'அப்பப்பான்ர ஒரிஜினல் மைனர்' என்று தடவித் துடைத்து வைத்திருக்கிற அநேகமான கார்களுக்குள் துடிப்பது ஒஸ்ரின் வம்ச எஞ்சின். 2019இல் டொயோட்டா என்ன செய்தது? தன்னுடைய பெருமை என்று சொல்லி வந்த சுப்ரா பெயரைத் திரும்ப எடுத்து, அதற்குள் பிஎம்டபிள்யூவின் ஆறு சிலிண்டர் டேர்போ எஞ்சினை வைத்து விற்றது. தொழிற்சாலையில் செய்தால் கூட்டுத் தயாரிப்பு, பட்டறையில் செய்தால் பாவமோ?

எனக்கு இந்த 'சுத்தம்' என்ற சொல்லிலேயே சந்தேகம். சுத்த இரத்தம், கலப்பில்லாதது, வம்சம், இன்னாற்றை பரம்பரை: காருக்குச் சொல்லும்போது சும்மா பகிடி மாதிரித்தான் கேட்கும். ஆனால் எங்கட ஊரில் கலியாணப் பேச்சுக்கால் நடக்கிற வீட்டு விறாந்தையில் பத்து நிமிசம் இருந்து பாருங்கள், அதே சொற்கள் அதே தொனியில் வரும். எஞ்சின் நம்பரும் சசி நம்பரும் பொருந்துதா என்று பார்ப்பதற்கும் சாதகத்தோடு சேர்த்துச் சாதியையும் பார்ப்பதற்கும் இடையில் எனக்குப் பெரிய தூரம் தெரியவில்லை. (இதைச் சொன்னதும் ஒரு நண்பன் கோவித்துக்கொண்டான். அவனிடம் ஒரு பழைய ஒஸ்ரின் இருக்கிறது, பரவாயில்லை.)

நம்பர் பொருத்தத்தின் பின்னால் இருப்பது வரலாற்றுப் பற்று என்று சொல்வார்கள். பெரும்பாலும் விலை. ஏலத்தில் நம்பர் பொருந்திய காருக்குக் கூடக் காசு கிடைக்கும். காசுக்காகத்தான் என்று நேரே சொன்னால் எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை, அது வியாபாரம். காசை ஒழுக்கமாக மாற்றி மற்றவன் தலையில் வைப்பதுதான் எரிச்சல்.

ஒரு இடத்தில் மட்டும் பக்தர்களோடு நிற்கிறேன். நிஸான் 1969இல் ஃபெயர்லேடி இசட்432 என்று ஒரு கார் விட்டது. பந்தயத்துக்கு என்று செய்த எஸ்20 எஞ்சினோடு, மொத்தமாகச் சில நூறுதான் செய்தார்கள். அப்படிப்பட்ட ஒன்றை வெட்டிக் கொத்தினால் நானும் சத்தம் போடுவேன். ஆனால் அதே உடம்போடு ஏற்றுமதிக்கு என்று ஆயிரக்கணக்கில் வந்த 240இசட் அப்படி இல்லை. கறள் பிடித்து, எஞ்சின் போய், வேலியோரம் கிடக்கிற ஒரு 240இசட்டுக்கு ஆர்பி26 போடுகிறவன் அந்தக் காரைக் கொல்லவில்லை.

பழைய கார் உயிரோடு இருப்பது என்றால் என்ன என்பதை எங்கட ஆக்களுக்கு ஆரும் வந்து படிப்பிக்கத் தேவையில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை. பெற்றோல் வடக்குக்குள் வராது. ஏ40யும் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. அந்தப் பழைய எஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவு, அதனால்தான் மண்ணெண்ணெயைத் தாங்கின. கறுப்புப் புகை, மூக்கைத் துளைக்கிற மணம், நாறிப்போன பிளக்குகள். நோயாளியை ஆசுப்பத்திரிக்கு ஏற்றிப் போன அந்தக் காரைப் பார்த்து 'இது ஒரிஜினல் இல்லையே' என்று ஒருவரும் சொல்லவில்லை. காரைத் தெரிந்த மெக்கானிக்மார் கையில் கிடைத்ததை வைத்துச் செய்தார்கள். இப்போது எங்களுக்குக் கிடைக்கிற பழைய கார்கள் அவர்கள் கைபட்டு மிஞ்சியவைதான்.

இனி என் பக்கத்து ஆட்களிடம் வருகிறேன். பக்தர்களைத் திட்டும்போது கைதட்டினீர்கள்தானே, கொஞ்சம் இருங்கோ.

ஆர்பி26ஐக் காருக்குள் இறக்கி, பொனட்டைத் திறந்து படம் எடுத்து, டயரைப் புகைத்து வீடியோ போட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிற கூட்டம் ஒன்று இருக்கிறது. அந்த வேலையின் கால்வாசிகூட அங்கே முடியவில்லை. 240இசட்டையே எடுங்கள். சுமார் ஒரு தொன் நிறை. அந்தக் காலத்துக் கணக்கில் 150 குதிரைவலுவுக்குச் செய்த உடம்பு. ஆர்பி26க்கு ஜப்பானில் கடதாசியில் எழுதியது 280, அதுவும் கொம்பனிகள் தங்களுக்குள் பேசி வைத்த எல்லை. உண்மையில் அதைவிட மேலே போகும். முதல் தலையிடி எண்ணெய்ச் சட்டி. ஜீரிஆர் நாலு சில்லும் இழுக்கிற கார், அதன் முன் டிஃபரென்ஷியல் எண்ணெய்ச் சட்டியோடு சேர்ந்தே இருக்கிறது. பின்சில்லு மட்டும் இழுக்கிற காருக்கு அது சரிவராது, சட்டியை மாற்ற வேண்டும். பிறகு எரிபொருள். பழைய காரின் பம்ப் கார்புரேட்டருக்குச் சும்மா சொட்டு விடுகிற பம்ப், டேர்போ எஞ்சினின் இன்ஜெக்டருக்குப் பல மடங்கு அழுத்தம் வேண்டும். அந்த அழுத்தத்தில் ஐம்பது வருசக் குழாயைப் பாவித்தால், சிவந்து கொதிக்கிற டேர்போவுக்குப் பக்கத்தில் பெற்றோல் பீச்சும். வயறிங் முழுக்கப் புதிது. ரேடியேற்றர் பெரிது. கியர்பொக்ஸ், புறொப் சாஃப்ட் அளவு வேறு. பின்னுக்கு இருக்கிற சின்ன ஆர்180 டிஃபரென்ஷியலை எடுத்து ஆர்200 போடாவிட்டால் ஒரு நாள் றோட்டில் பல்லுப் பொறுக்க வேண்டி வரும்.

இதெல்லாம் செய்தாலும், பின்பக்கம் இன்னும் ட்ரம் பிரேக். மஸ்டாங் இன்னும் மோசம். 1967இல் நாலு சில்லுக்கும் ட்ரம்தான், முன்னுக்கு டிஸ்க் வேண்டுமென்றால் தனிக்காசு. அந்தக் காரின் பெற்றோல் தாங்கியின் மேல்தகடுதான் டிக்கியின் தரை. பின்னால் ஒருவன் பலமாக இடித்தால் உங்களுக்கும் பெற்றோலுக்கும் இடையில் பின்சீற் மட்டும்தான். 'அப்படியே ஒரிஜினலாய் வைச்சிருக்கிறம்' என்று பெருமைப்படுகிற பக்தரும், எஞ்சினுக்கு மட்டும் காசைக் கொட்டிவிட்டு அந்தத் தாங்கியைத் தொடாமல் விடுகிற பெடியனும் இந்த ஒரு விசயத்தில் சகோதரர்கள்.

இலங்கையில் 2020இல் வாகன இறக்குமதி நின்று, 2025இல்தான் தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது. இடையில் பழைய கார்களின் விலை ஏறியது, அதைத் திருத்தி ஓடுகிற ஆசையும் பெடியளிடம் ஏறியது. நல்லது. டேர்போ சிக்ஸ் போட வேண்டுமா, போடுங்கோ மச்சான். வாகனப் புத்தகத்தில் எஞ்சின் நம்பர் இருக்கிறது, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போய் அதையும் மாற்றுங்கோ. மற்றது, காசைப் பிரிக்கும்போது முதலில் பிரேக்குக்கும் தாங்கிக்கும் குழாய்களுக்கும் எடுத்து வையுங்கோ, மிச்சத்தில் எஞ்சினை வாங்குங்கோ. மிச்சம் காணாவிட்டால் நாலு சிலிண்டரோடு இன்னும் ஒரு வருசம் ஓடலாம், மைனர் ஒண்டும் கோவிக்காது.