முப்பத்தோராம் தேதி விற்பனை

விற்பனைப் பிரிவில் ஆட்கள் சோர்ந்துபோய்விட்டார்கள் என்று தலைமை அலுவலகத்துக்குத் தெரிந்ததும் முதலில் ஒரு ஓட்டல் ஹாலை புக் செய்வார்கள். பலூன், கேக், அந்தாக்ஷரி, கூடவே ஒரு ஊக்கப் பேச்சாளர். கழுகு எப்படிப் பறக்கிறது என்று அவர் ஒரு மணி நேரம் சொல்வார். (கழுகுக்கு மாத டார்கெட் உண்டா என்று யாரும் கேட்பதில்லை.) மறுநாள் காலையில் வாட்ஸப் குழுவில் ஏரியா மேனேஜர் வந்து நிற்பார்: "குட் மார்னிங் டீம், நேத்து ஏன் ஜீரோ?"

கேக் மீது எனக்குக் கோபமில்லை. சோர்வு வேறு இடத்திலிருந்து வருகிறது. மெடிக்கல் ரெப்களை வைத்தே சொல்கிறேன். மருந்து ஸ்டாக்கிஸ்டாக இருக்கும் நண்பர் கடையில் அரட்டைக்கு உட்காருபவன் என்பதால் அவர்கள் பாடு கொஞ்சம் தெரியும்.

மாதக் கடைசி மாலையில் அந்தக் கடையில் கால் வைக்க இடமிருக்காது. காலடியில் கனத்த பையோடு ரெப்கள் கவுன்ட்டரை ஒட்டி நிற்பார்கள். "அண்ணே, இன்னும் நாப்பதாயிரம்தான். பில் மட்டும் போட்டுக்கங்க. விக்கலேன்னா ரிட்டர்ன் எடுக்கறது என் பொறுப்பு."

"போன மாசம் போட்டதே மேல் ராக்குல அப்படியே கெடக்கு தம்பி."

"எனக்காகண்ணே."

நண்பர் கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பாதிக்குப் பில் போடச் சொல்வார். பையன் வாசலுக்குப் போய் போனை எடுப்பான்: "சார், க்ளோஸ் பண்ணிட்டேன் சார்." அந்தக் குரலில் சந்தோஷம் இருக்காது. தப்பித்தோம் என்பது மட்டும்தான் இருக்கும்.

கம்பெனியிலிருந்து ஸ்டாக்கிஸ்டுக்குப் போவது பிரைமரி விற்பனை. அவரிடமிருந்து மருந்துக்கடைக்குப் போவது செகண்டரி. டாக்டர் எழுதி, நோயாளி வாங்கினால்தான் செகண்டரி நகரும். ஆனால் பல கம்பெனிகள் டார்கெட்டைப் பிரைமரியில்தான் பார்க்கின்றன. அதனால் ஒரு மாத்திரைகூட யார் வயிற்றுக்கும் போகாமல் நூறு சதவீதம் காட்டிவிட முடியும். எக்ஸ்பயரி நெருங்கி அந்தச் சரக்கு திரும்பி வரும்போது அது ரெப்பின் கணக்கிலேயே கழியும். அந்தப் பள்ளத்தை மூட இன்னொரு முப்பத்தோராம் தேதி, இன்னொரு "எனக்காகண்ணே".

ரெப் வேலையில் கஷ்டம் இல்லாமல் இருந்ததில்லை. இரவு கிளினிக்கில் கடைசி நோயாளி போகும்வரை நின்று, அலுத்துப்போன டாக்டரிடம் இரண்டு நிமிடம் பேசி, அவர் மனதில் ஒரு மருந்தின் பெயரைப் பதியவைப்பது லேசான காரியமல்ல. தெரிந்து செய்கிறவனுக்கு அதில் பெருமைகூட உண்டு. அலைச்சலை அவன் தாங்குவான். விற்காததை விற்றதாகச் சொல்லவேண்டியிருப்பதுதான் அவனை அரிக்கிறது.

இது மருந்துக் கம்பெனிகளோடு முடிவதில்லை. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, ஒரு வாடிக்கையாளர் தலையில் எட்டு சேவைகளைக் கட்டவேண்டும் என்று ஊழியர்களை விரட்டியது. அவர்கள் வாடிக்கையாளருக்கே தெரியாமல் லட்சக்கணக்கில் கணக்குகளைத் திறந்துவைத்தார்கள். 2016-இல் விஷயம் வெடித்தபோது 18.5 கோடி டாலர் அபராதம். அதற்கு முந்தைய ஐந்தாறு ஆண்டுகளில் சுமார் 5,300 பேரை வேலையைவிட்டு அனுப்பியிருந்தார்கள். அத்தனை பேரும் பிறவி மோசடிக்காரர்கள் என்றா நம்புவது? கடைசியில் கிளை ஊழியர்களுக்கான விற்பனை இலக்கையே அந்த வங்கி எடுத்துவிட்டது.

டார்கெட்டே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. அதைப் போடும் விதம்தான் கோணல். இந்த வருடம் 110 சதவீதம் செய்தவனுக்கு அடுத்த வருடக் கணக்கு அந்த 110-க்கு மேல் ஏறுகிறது. 80 செய்தவனுக்கு 80-க்கு மேல். நன்றாக உழைத்தவனுக்குத்தான் அபராதம். விவரமானவன் மார்ச்சில் வந்த ஆர்டரை ஏப்ரலுக்குத் தள்ளிவைக்கக் கற்றுக்கொள்கிறான். ஐப்பசி மழையில் காய்ச்சல், இருமல் மருந்துகள் பறக்கும், கோடையில் படுத்துவிடும். நிறைய எழுதிக்கொண்டிருந்த டாக்டர் ஊர் மாறிப்போனால் அந்த ஏரியாவே விழுந்துவிடும். ரெப்பைக் கேட்டால் இதையெல்லாம் சொல்வான். யாரும் கேட்பதில்லை. 98 சதவீதத்தில் நின்றவனுக்கு இன்சென்டிவ் ஒரு பைசா கிடையாது என்று விதி இருந்தால், மீதி இரண்டுக்கு அவன் ஸ்டாக்கிஸ்ட் காலில்தான் விழுவான். 80-இலிருந்தே படிப்படியாகக் கொடுத்தால் அந்த மாலைக் கூட்டம் பாதியாகிவிடும் என்பது நண்பரின் கணிப்பு. நாள் முழுக்க வேடிக்கை பார்ப்பவர், சரியாகத்தான் இருக்கும்.

ஐம்பது பேர் இருக்கும் வாட்ஸப் குழுவில் ஒருவன் பெயரைச் சிவப்பில் போட்டுக் காட்டுவதை நிறுத்தச் செலவே ஆகாது. இரவு ஒன்பது மணிக்கு லொகேஷன் கேட்பதை நிறுத்தவும்தான்.

விடுப்பு விஷயத்தில் சட்டமே துணைக்கு வந்தது. விற்பனைப் பிரதிநிதிகளுக்கென்று 1976-இல் தனிச் சட்டம் வந்தபோது, பதினொரு நாள் வேலைக்கு ஒரு நாள் என்ற கணக்கில் சம்பளத்தோடு விடுப்பும், எழுத்தில் நியமனக் கடிதமும் கட்டாயமாயின. ஆனால் க்ளோசிங் வாரத்தில் லீவு கேட்டுப் பாருங்கள். வீட்டில் கல்யாணமே என்றாலும், "முகூர்த்தம் காலையிலதானே? மத்தியானம் வேலைக்கு வந்துடலாமே?" என்பார்கள்.

இன்சென்டிவைத் தேதி தவறாமல் போடுவதையும் சொல்லவேண்டும். ஜூனோடு முடிந்த காலாண்டின் பணம் தீபாவளி தாண்டி வருகிறது; நடுவில் வேலையை விட்டவனுக்கு அதுவும் இல்லை. ஓட்டல் ஹாலுக்குச் செக் போடும் அன்றே இதற்கும் போட்டுவிடலாம்.