கண்வலி விதையைச் சத்தறிந்து விற்க வேண்டும்

கண்வலி விதை உணவுச் சரக்கன்று, மருந்துச் சரக்கு. அதனை வாங்குவோர், விதைக்குள் அடங்கியிருக்கும் கோல்சிசின் என்னும் சத்தைக் கருதியே வாங்குகின்றனர். அங்ஙனமிருக்க, நம் குடியானவர்கள் அதனை நெல்லையும் சோளத்தையும் போல நிறுத்து மட்டும் விற்று வருவது தகுமா என்பதைப் பற்றி என் அபிப்பிராயத்தை இங்கே தெரிவிக்க விரும்புகிறேன்.

செங்காந்தள், கலப்பைக் கிழங்கு என்றும் வழங்கும் இப்பயிர் மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் முதலிய பக்கங்களிலும் வேதாரணியத்தை அடுத்த ஊர்களிலும் பயிராகிறது. கிழங்கு வாங்கும் செலவு பெரிது. கிளுவை, விராலி முதலியவற்றின் மீதோ கம்பியின் மீதோ கொடியை ஏற்ற வேண்டும். காலை வேளையில் பூவுக்குப் பூ கையினால் மகரந்தம் சேர்க்க வேண்டும். இவ்வளவு பாடுபட்டு எடுத்த விதையை, வியாபாரி உள்ளங்கையில் ஏந்தி, நிறத்தைப் பார்த்து விலை சொல்லுகிறார். அதனை மறுத்துப் பேசக் குடியானவரிடம் ஆதாரம் ஒன்றும் இல்லை. அதே விதை மருந்துத் தொழிற்சாலையை அடைந்ததும், அதன் சத்து இத்தனை பங்கு என்று எண்ணால் அளக்கப்படுகிறது. ஒரு பக்கத்தாரிடம் மாத்திரம் அளவு இருக்கும் வியாபாரத்தில் மற்றப் பக்கத்தார் நியாய விலை பெறுவது அருமை.

அந்த அளவு எவ்வாறு கிடைக்கிறது என்பதை நாமும் அறிந்துகொள்ளலாம், அது மந்திரமன்று. கண்ணாடிக் குவளையிலுள்ள சாயநீரை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால், சாயம் மிகுந்திருக்கும்போது ஒளி குறைவாகவும், நீர் கலந்து இளக்கியபோது அதிகமாகவும் ஊடுருவிச் செல்வதைக் காணலாம். இந்த உண்மையை பூகர் என்பவர் 1729-லும், லாம்பர்ட் 1760-லும், பீர் 1852-லும் ஆராய்ந்து விதியாக்கினர். நீர்மத்தில் கரைந்துள்ள சத்து எவ்வளவோ, அதற்குத் தக்கபடி ஒளி உறிஞ்சப்படும் என்பதே அதன் சாரம்.

கோல்சிசின் 350 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒரு நானோமீட்டராவது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இவ்வொளி ஊதா நிறத்துக்கும் அப்பாற்பட்டதாகையால் நம் கண்ணுக்குப் புலப்படாது. ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் என்னும் கருவியே அதனைக் காணும். விதையைத் தூளாக்கி, எண்ணெயை நீக்கி, ஆல்கஹாலில் சத்தை இறக்கி, 1 சென்டிமீட்டர் அகலமுள்ள குவார்ட்ஸ் கிண்ணத்தில் ஊற்றி ஒளியைச் செலுத்துவர். பக்கத்தில், அளவு தெரிந்த சுத்தமான கோல்சிசின் கரைசலையும் வைத்து ஒப்பிடுவர்.

ஓர் உதாரணம் கூறுவேன். லிட்டருக்கு 10 மில்லிகிராம் உள்ள சுத்தக் கரைசல் கருவியில் சுமார் 0.42 என்று காட்டுவதாகக் கொள்வோம். 1 கிராம் விதைத் தூளின் சத்து முழுவதையும் 100 மில்லிலிட்டரில் இறக்கி, அதைப் பத்து மடங்கு இளக்கி வைத்தபோது 0.34 என்று காட்டினால், இளக்கிய நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 8 மில்லிகிராம் உள்ளது. ஆகவே அந்த 1 கிராம் விதையில் இருந்தது 8 மில்லிகிராம். அதாவது நூற்றுக்கு 0.8 பங்கு. மூட்டுவீக்கத்துக்குக் கொடுக்கும் கோல்சிசின் மாத்திரையொன்றில் வழக்கமாக இருப்பது 0.5 மில்லிகிராமே. ஒரு சிட்டிகை விதையில் பதினாறு மாத்திரைகளின் மருந்து அடங்கியிருப்பதால், அதன் மதிப்பும் பெரிது, விஷமும் பெரிது. குழந்தைகளுக்கும் கால்நடைகளுக்கும் எட்டாதபடி அதனைப் பூட்டி வைப்பது அவசியம்.

ஒளியளவு மட்டும் போதுமா எனின், போதாது. விதையிலுள்ள கோல்சிகோசைடு முதலிய உறவுச் சத்துக்களும் ஏறக்குறைய அதே ஒளியை உறிஞ்சுவதால், கலவையை அப்படியே அளந்தால் எண் கூடுதலாக வரும். ஆகையால் சத்துக்களை முதலில் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து, பின்னர் ஒளியால் அளக்கும் சாலையின் முடிவையே நம்ப வேண்டும். மேலும், கோல்சிசின் கரைசல் வெளிச்சத்தில் கெட்டு வேறு பொருளாக மாறக்கூடியது; அதனாலேயே பரிசோதகர்கள் அதனைப் பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் வைக்கின்றனர். நாமும் காய்களை நிழலில் உலர்த்தி, விதையை ஈரமும் வெயிலும் படாமல் காப்பது விவேகம்.

கருவி எவ்வளவு நுட்பமாயினும், அது தன் முன் வைத்த 1 கிராமை மாத்திரமே அறியும். அந்த 1 கிராம் எந்த மூட்டையின் எந்த மூலையிலிருந்து வந்தது என்பதை அறியாது. எனவே நியாயம் பரிசோதனைச்சாலையில் அன்று, களஞ்சியத்திலேயே தொடங்குகிறது. எல்லா மூட்டைகளிலும் மேல், நடு, அடி என்று மூன்றிடத்தில் விதை எடுத்து, ஒன்றாகக் கலந்து, நான்காகப் பகுத்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி கலந்து குறைக்க வேண்டும். முடிவில் மூன்று பொட்டலங்கள் கட்டி முத்திரையிட வேண்டும்: ஒன்று விற்பவருக்கு, ஒன்று வாங்குபவருக்கு, ஒன்று வழக்கு நேர்ந்தால் நடுவருக்கு. ஈரம் எத்தனை பங்கு என்பதையும் முடிவில் குறிப்பிடச் செய்தல் வேண்டும். ஈரவிதையும் உலர்விதையும் ஒரே கணக்கில் நில்லா.

இதற்குச் செலவாகுமே என்று சிலர் ஆட்சேபிக்கலாம். தனியொருவருக்கு அது பாரந்தான். ஆயினும் ஓர் ஊரார் பத்துப் பேர் ஒன்றுகூடி, ஒரே தரமான விதையைச் சேர்த்து ஒரு மாதிரி அனுப்பினால் பாரம் பத்திலொன்றாகும். வேறொரு ஆட்சேபமும் உண்டு. சத்துக் குறைந்த விதைக்கு விலையும் குறையுமே என்பர். குறையத்தான் செய்யும். அதனை மறைப்பது நேர்மையன்று. ஆனால் இப்போது நல்ல விதை விளைவித்தவர் மட்டமான விதைக்காரரின் நஷ்டத்தையும் சேர்த்துச் சுமக்கிறார். முற்றாத காயைப் பறித்தவருக்கும் பொறுமையாய்க் காத்தவருக்கும் ஒரே விலை என்றால், காப்பவர் எத்தனை நாள் காப்பார்?

கிராம அதிகாரிகள் இதில் செய்யத்தக்க உதவி ஒன்றுண்டு. மாதிரி எடுக்கும் நாளில் சாட்சியாக இருந்து, பெயர், மூட்டைக் கணக்கு, தேதி ஆகியவற்றைப் பொட்டலத்தின்மேல் எழுதிக் கையொப்பமிட்டால், பின்னர் எவரும் மாதிரியை மறுக்க இடமிராது.

2023-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இம்மருந்து இருதய நோயாளருக்கும் அனுமதிக்கப்பட்டது. மருந்தின் உபயோகம் விரிகிறது என்பதால் விதையின் விலை தானே உயரும் என்று எண்ணியிருத்தல் கூடாது. ஆகவே, இவ்வருஷம் முதற்காய் பறிக்குமுன் ஊர்க்கூட்டம் கூட்டி, மாதிரி எடுப்பவர் யார், செலவைப் பகிர்வது எப்படி என்று தீர்மானித்துக்கொள்ளுமாறு விவசாயப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறேன். விலை பேச உட்காரும்போது தராசுச் சீட்டோடு சத்துச் சீட்டும் நம் கையில் இருத்தல் வேண்டும்.