'கண்டுக்காதே' என்று சொன்னவள் நான்தான்!

போன வாரம் இந்தப் பகுதியில் ஒரு சகோதரி, 'வேலைக்குப் போகும் பெண்கள் உடையிலும் பேச்சிலும் கவனமாக இருந்தால் எந்த ஆணும் வாலாட்ட மாட்டான்' என்று எழுதியிருந்தார். படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. அவர் மேல் கோபமில்லை. போன வருஷம் வரை நானும் இதையேதான் சொல்லிக் கொண்டிருந்தேன்.

என் மகள் ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறாள். நாற்பது பேர் இருக்கும் இடம். அவளுடைய மேலாளருக்கு ஐம்பது வயசுக்கு மேல். "எனக்கும் உன் வயசுல ஒரு பொண்ணு இருக்கும்மா" என்று சொல்கிறவர். முதலில் புடவையைப் பாராட்டினார். அப்புறம் ராத்திரி பத்தரை மணிக்கு, 'தூங்கியாச்சா?' என்று வாட்ஸ்அப்பில் செய்தி. கம்ப்யூட்டரில் எதையோ காட்டுகிற சாக்கில் நாற்காலிக்குப் பின்னால் வந்து தோளில் கை.

ஒரு நாள் ராத்திரி சாப்பிட்ட தட்டோடு உட்கார்ந்து என்னிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? "கண்டுக்காதே. கல்யாணம் ஆக வேண்டிய பொண்ணு. அந்த மெசேஜையெல்லாம் அழிச்சுடு, யார் கண்ணுலயாவது படப் போகுது. அப்பாகிட்ட சொல்லாதே" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழிக்க வைத்தேன். சாட்சியை அழிக்கிறோம் என்ற புத்தி எனக்கு இல்லை. அவளும் அதற்குப் பிறகு என்னிடம் எதுவும் சொல்லவில்லை. பிரச்னை தீர்ந்தது என்று நிம்மதியாகத் தூங்கினேன்!

தீரவில்லை. பழைய ஃபைல் வைக்கும் அறையில் ஒரு நாள் கையைப் பிடித்திருக்கிறார். இவள் உதறி விட்டு வந்து விட்டாள். மறுநாளிலிருந்து வேலையில் பழி வாங்கல். இவள் போட்ட கணக்கில் மட்டும் தப்பு, இவளுக்கு மட்டும் லீவு கிடையாது. சாப்பாடு குறைந்தது, முகம் வாடியது. ரத்த சோகை என்று நினைத்து பேரீச்சம்பழம் வாங்கிக் கொடுத்தேன்.

எங்கள் தெருவில் டெலிபோன் இலாகாவில் வேலை பார்த்து ரிட்டையர் ஆன ஒரு அக்கா இருக்கிறார். அவரிடம்தான் இவள் மனசு விட்டிருக்கிறாள், பெற்றவளிடம் இல்லை. அந்த அக்கா வீட்டுக்கு வந்து, "உன் பொண்ணுகிட்ட தேதி கேட்டேன். கையைப் பிடிச்சு எண்பது நாள் ஆச்சு. மூணு மாசத்துக்குள்ள எழுதிக் கொடுக்கணும், தெரியுமா உனக்கு?" என்றார். எனக்கு எதுவுமே தெரியாது.

அவர் சொன்னதை நம்மைப் போல் வீட்டில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். 1992ல் ராஜஸ்தானில் பன்வாரி தேவி என்ற பெண், அரசுத் திட்டத்தில் கிராமப் பணியாளராக இருந்தவர், ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காகக் கூட்டமாகச் சீரழிக்கப்பட்டார். 1995ல் கீழ்க் கோர்ட் அந்தக் குற்றத்திலிருந்து எல்லோரையும் விடுவித்து விட்டது. பெண்கள் அமைப்புகள் போட்ட 'விசாகா' வழக்கில்தான், 1997ல் சுப்ரீம் கோர்ட் வேலை இடங்களுக்கு வழிமுறைகளை வகுத்தது. அது சட்டமாக வர 2013 ஆகி விட்டது. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இருக்க வேண்டும். தலைவர் பெண், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். குழு அமைக்காத முதலாளிக்கு ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம். பத்துக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் கடை, பட்டறை என்றாலோ, முதலாளியே அப்படி நடந்தாலோ, மாவட்ட அளவில் இருக்கும் குழுவிடம் போகலாம். தொட்டால்தான் தப்பு என்றில்லை. ஆபாசப் பேச்சு, படம் காட்டுவது, பிடிக்காத ஜாடை எல்லாமே இதில் அடக்கம்.

"நிரூபிக்க முடியலைன்னா இவ மேலேயே நடவடிக்கை எடுப்பாங்களாமே?" என்று கேட்டேன். அந்தப் பயம்தான் எனக்குப் பெரிசாக இருந்தது. வேண்டுமென்றே பொய் சொன்னதாகத் தெரிந்தால்தான் அப்படியாம். நிரூபிக்க முடியவில்லை என்பதற்காகவே பொய்ப் புகார் ஆகி விடாதாம்.

அன்று ராத்திரியே உட்கார்ந்து எழுதினாள். தேதி, நேரம், எந்த அறை, யார் பார்த்தது, அடுத்த நாள் யாரிடம் சொன்னாள் என்று ஒவ்வொன்றாக. அழித்த செய்திகள் போனது போனதுதான். அதன் பிறகு வந்த இரண்டு மட்டும் இருந்தன. கூட வேலை பார்க்கும் ஒரு பெண் தன் போனில் இருந்ததையும் தந்தாள். அவளுக்கும் அதே 'தூங்கியாச்சா'தான்!

என் கணவரிடம் சொல்லத்தான் பயந்தேன். கேட்டு விட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "விசாரணை அன்னிக்கு நான் வாசல்ல நிக்கறேன்" என்றார். அப்படியே நின்றார்.

அந்தக் கம்பெனியில் குழு பேருக்குத்தான் இருந்தது. சுவரில் ஒட்ட வேண்டிய அறிவிப்பு எங்கும் இல்லை. முதல் நாள், "சமாதானமாப் போயிடலாமே" என்று இழுத்தார்கள். வெளி உறுப்பினராக வந்த வக்கீல் அம்மாதான், "அந்தப் பொண்ணா விரும்பிக் கேட்டாத்தான் சமாதானம், நீங்க சொல்லக் கூடாது" என்று நிறுத்தினார். விசாரணை முடியும் வரை வேறு ஒருவருக்குக் கீழே வேலை வேண்டுமென்று இவள் கேட்டாள், கொடுத்தார்கள். தொண்ணூறு நாள் கெடுவுக்குச் சில நாள் முன்னால் முடிந்தது. அவருக்குச் சம்பள உயர்வு நிறுத்தம், எழுத்தில் கண்டிப்பு, வேறு கிளைக்கு மாற்றல். போதுமா என்றால் போதாதுதான். இன்னமும் இரண்டு மூன்று பேர் இவளோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை.

இன்னொன்றும் சொல்லி விடுகிறேன். இந்தச் சட்டத்தில் வீடும் வேலை இடம்தான், வீட்டு வேலை செய்பவர்களும் மாவட்டக் குழுவில் புகார் கொடுக்கலாம் என்று அந்த அக்கா சொன்னபோது எனக்கு வியர்த்து விட்டது. பத்து வருஷத்துக்கு முன் எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க ஒரு பெண் வந்தாள். உறவினர் ஒருவர் வந்து ஒரு மாசம் தங்கியிருந்த சமயம், "அவர் இருக்கற வரைக்கும் நான் வரலைக்கா" என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. "ரெண்டு வேளை பாத்திரத்தை யார் தேய்க்கறது?" என்றுதான் கேட்டேன். மறுநாளிலிருந்து நின்று விட்டாள். நானூறு ரூபாய் அட்வான்ஸை ஏமாற்றிப் போய் விட்டாள் என்று தெரு முழுக்கச் சொன்னேன். இப்போது விசாரித்தேன், ஊரை விட்டே போய் விட்டார்களாம்.

'ஜாக்கிரதையாக இருந்தால்' என்று எழுதிய சகோதரியே, என் மகளும் ஜாக்கிரதையாகத்தான் இருந்தாள். அந்தப் பெண்ணும் அப்படித்தான். வரமாட்டேன் என்று முன்கூட்டியே சொன்னாளே! அவர்கள் சொன்னதைக் காதில் வாங்காதது நான்தான்.

போன மாசம் ஒரு நல்ல இடத்திலிருந்து ஜாதகம் வந்தது. பையனின் அம்மா போனில், "ஆபீஸ்ல ஏதோ தகராறுன்னு கேள்விப்பட்டோம்" என்று இழுத்தார். "தகராறு இல்லைங்க. புகார். கொடுத்தது என் பொண்ணுதான்" என்றேன். கலந்து பேசிச் சொல்கிறோம் என்றார்கள். இன்னும் பதில் வரவில்லை. வரும்போது வரட்டும்.

— ஒரு வாசகி, திருச்சி.