நாக்குப்பூச்சிக்கு யார் பொறுப்பு?

சர்க்கரையைத் தின்றால் வயிற்றில் பூச்சி வளரும் என்று பாட்டி அதட்டுவாள். தாய்க்குத் துப்புரவு தெரியவில்லை என்று மேடையேறும் பெருமக்கள் சாடுவர். கெடா மாநிலத் தோட்டப்புறப் பிள்ளையின் வயிறு ஊதினால், குற்றம் அதன் நாவின்மேல். இல்லையேல் அதன் தாயின்மேல். இரண்டும் பொய்.

சர்க்கரையில் புழு இல்லை, மண்ணில் இருக்கிறது. நாக்குப்பூச்சி என நாம் வழங்கும் உருளைப்புழுவின் பெண், நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,00,000 முட்டைகள் இடும். மலத்தோடு வெளியேறும் அவை, ஈரமண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். கொக்கிப்புழுவோ வாய் திறக்கும்வரை காத்திருப்பதில்லை; அதன் இளம்புழு வெறுங்காலைத் துளைத்தேறிக் குடலை அடைந்து இரத்தம் உறிஞ்சும். நிழல் மூடிய ரப்பர்க் காட்டைவிட அதற்கேற்ற இடம் ஏது? 1915 முதல் 1917 வரை கீழ்த்திசை நாடுகளில் கொக்கிப்புழுவை ஆய்ந்த ராக்பெல்லர் அறநிறுவனக் குழு மலாயாவுக்கும் வந்தது. ஆகவே, அறியாமை என்று எவரும் சாக்குச் சொல்வதற்கில்லை.

பீடோங் வட்டாரத் தோட்டமொன்றில் நான் வளர்ந்த லயத்தில், பல குடும்பங்களுக்கு ஒரே கழிப்பிடம். மழை பெய்தால் அது நிரம்பிக் கால்வாயில் கலக்கும். அக்கால்வாயோரமே எங்கள் விளையாட்டுத் திடல். விடியுமுன் பெரட்டுக்கு ஓடிய தாய், பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுப் பால்மரம் வெட்டப் போனாள். எந்த நேரத்தில், எந்தக் குழாயடியில், அவள் எதைக் கழுவியிருக்க வேண்டும்? சனிக்கிழமை விளக்கெண்ணெய் கொடுத்தாள். அவளிடமிருந்த மருத்துவம் அவ்வளவே. திங்களன்று பிள்ளை அதே மண்ணில் நடந்தது. இரத்தம் குன்றி வகுப்பில் உறங்கியதற்கு 'மந்தம்' என்ற பட்டமும் பெற்றது.

1974-இல் தொடங்கிய பள்ளிப் பூச்சி மருந்துத் திட்டம் 1983-இல் நிறுத்தப்பட்டது. தொடர்ந்திருந்தாலும், மருந்து குடலைத்தான் கழுவும், மண்ணைக் கழுவாது. தொழிலாளர் வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரம் கோரும் சட்டம் நமக்கு 1966-இல் வந்தது. அதே ஆண்டில் தென்கொரியா ஒட்டுண்ணி நோய்த் தடுப்புச் சட்டம் இயற்றிப் பின்னர்ப் பள்ளிதோறும் மலச்சோதனை நடத்தியது. கழிப்பிடமும் குழாய்நீரும் கூடவே பரவின. 1971-இல் அங்கே நூற்றுக்கு 84 பேரிடம் காணப்பட்ட குடல் ஒட்டுண்ணி, 1997-இல் இருவர், மூவரிடமே எஞ்சியது.

நம் சட்டமோ முதலாளியைப் பார்த்தே பேசியது. தோட்டத் துண்டாடலில் வெளியேறி, சுங்கைப்பட்டாணி, கூலிம் நகரோரப் புறம்போக்கில் குடிசை போட்டவனுக்கு முதலாளி இல்லை. ஆகவே அச்சட்டமும் இல்லை.

மேடைப் பெருமக்களே, தாய்க்குத் துப்புரவு கற்பிக்குமுன், எஞ்சியுள்ள லயங்களிலும் புறம்போக்குகளிலும் எத்தனை வீட்டுக்கு ஒரு கழிப்பிடம் என எண்ணி வாருங்கள். அந்தக் கணக்கோடு நகராண்மைக் கழகத்தின் படியேறுங்கள். நாங்களும் உடன் வருகிறோம்.