வெயிலுக்குக் கெட்டி ஆயிலா?

2021இல் வந்த ஹூண்டாய் ஐ20 என் லைன் காரின் ஒரு லிட்டர் டர்போ இன்ஜினுக்கு 120 குதிரைத்திறன். 2022இல் வந்த ஃபோக்ஸ்வாகன் விர்டஸின் ஒன்றரை லிட்டர் டர்போ இன்ஜினுக்கு 150. ஏறக்குறைய அதே கொள்ளளவு கொண்ட அம்பாசடரின் பழைய பெட்ரோல் இன்ஜின் கொடுத்ததைப் போல இது சுமார் மூன்று மடங்கு. இன்ஜின் இவ்வளவு மாறிவிட்டது. ஆயில் பற்றிய நம் பேச்சு மட்டும் அம்பாசடர் காலத்தைத் தாண்டவில்லை. புதுக்கோட்டை வெயிலுக்கு லைட்டான ஆயில் தாங்காது, கெட்டியாக ஊற்றினால்தான் இன்ஜின் நிற்கும் என்பது பலருடைய தீர்மானம். வேகமான கார் என்றால் இந்தத் தீர்மானம் இன்னும் இறுகுகிறது. ஆனால் ஆயிலைத் தேர்ந்தெடுக்க வெயில் சரியான அளவுகோல் அல்ல. கெட்டித்தன்மை மட்டும் வைத்து முடிவெடுப்பதும் சரியல்ல.

முதலில் வெயிலையே எடுத்துக்கொள்வோம். தண்ணீரால் குளிரும் இன்ஜினில் தெர்மோஸ்டாட் என்ற வால்வு, குளிர்நீரைச் சுமார் 90 டிகிரியில் நிறுத்தி வைக்கிறது. நெடுஞ்சாலையில் ஆயில் 100 டிகிரியை ஒட்டி ஓடும். வெளியே மார்கழியா, கத்திரியா என்பது அந்தச் சூட்டைப் பெரிதாக மாற்றுவதில்லை. அதனால்தான் எஸ்ஏஇ என்ற பொறியாளர் சங்கத்தின் தரப்பட்டியலில் டப்பாவில் உள்ள இரண்டாவது எண்ணை 100 டிகிரியில் அளக்கிறார்கள்: 20 என்றால் 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையின் அலகு) வரை, 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை. இந்த 20 எண் கொண்ட 0டபிள்யூ-20 ஆயில் 40 டிகிரியில் 40 சென்டிஸ்டோக்கை ஒட்டி நிற்கும். அதாவது, மே மாத நண்பகலில் ஸ்டார்ட் செய்தாலும் அந்த நொடியில் ஆயில் வேலை செய்ய வேண்டிய நிலையைவிடப் பல மடங்கு கெட்டியாகத்தான் இருக்கிறது. ‘லைட்’ என்று நாம் ஒதுக்கும் ஆயிலின் நிலையே இது. முதல் எண்ணுக்கு மட்டும் நம் ஊரில் பெரிய மரியாதை தேவையில்லை. 0டபிள்யூ என்பதை மைனஸ் 35 டிகிரியிலும் 5டபிள்யூ என்பதை மைனஸ் 30 டிகிரியிலும் சோதிக்கிறார்கள். அந்தக் குளிர் இங்கே கனவிலும் வராது.

வேகமான காருக்குக் கெட்டி ஆயில்தான் வேண்டும் என்ற வாதத்தை வேகமான கார்களே ஏற்பதில்லை. 300 குதிரைத்திறனைத் தாண்டும் ஹோண்டா சிவிக் டைப்-ஆர் காருக்கு நிறுவனம் சொல்வது 0டபிள்யூ-20. நிஸான் ஜிடி-ஆருக்கு 0டபிள்யூ-40. இருபதாண்டுக்கு முந்தைய பிஎம்டபிள்யூ எம்3 காருக்கோ 10டபிள்யூ-60. மூன்றுமே பந்தயத் தளத்தில் ஓடத்தக்கவை. மூன்றுக்கும் எண் வேறு. பேரிங்குக்கும் தண்டுக்கும் இடையிலான இடைவெளி, ஆயில் பம்ப்பின் திறன், வால்வு நேரத்தை மாற்றும் கருவி ஆயில் அழுத்தத்தை நம்பும் விதம் என எல்லாவற்றையும் கணக்கிட்டுத்தான் அந்த எண்ணை முடிவுசெய்கிறார்கள். நிமிடத்துக்கு லட்சத்துக்கு மேல் சுற்றும் டர்போ தண்டுக்கு ஸ்டார்ட் ஆன உடனே ஆயில் போய்ச் சேர வேண்டும். கெட்டி ஆயில் அங்கே பின்தங்குகிறது.

அதைவிட முக்கியமானது டப்பாவின் பின்பக்கம் இருக்கும் சிறிய எழுத்து. நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் டர்போ இன்ஜின்களில், குறைந்த சுற்றில் அதிக பாரம் கொடுக்கும்போது, பிளக் பொறி விடுமுன்பே எரிபொருள் தானாகப் பற்றிக்கொள்ளும் கோளாறு உண்டு. பிஸ்டனையே உடைக்கக்கூடிய அடி அது. திருச்சி சாலையில் ஜல்லி லாரியை முந்த, கியரைக் குறைக்காமல் ஆக்ஸிலரேட்டரை ஓங்கி மிதிப்பது அதற்கு வழிவிடும். ஆயிலில் கால்சியம் கலந்த கழுவும் பொருள் மிகுந்தால் இந்தக் கோளாறு கூடுகிறது என்று கண்டறிந்த பிறகே, 2018இல் அமெரிக்க பெட்ரோலிய அமைப்பான ஏபிஐ, எஸ்என் பிளஸ் தரத்தையும், 2020இல் எஸ்பி தரத்தையும் கொண்டுவந்தது. பழைய தரத்து 20டபிள்யூ-50 ஆயில் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் இந்தக் கோளாறுக்கான சோதனையை எழுதியதே இல்லை.

மைலேஜ் விதிகளுக்காகத்தான் நிறுவனங்கள் லைட் ஆயிலைத் திணிக்கின்றன என்பது எதிர்த்தரப்பின் வலுவான வாதம். அதில் உண்மை இருக்கிறது. ஃபோர்ட் மஸ்டாங்கின் 5 லிட்டர் இன்ஜினுக்குச் சாதாரண ஓட்டத்துக்கு 5டபிள்யூ-20 சொன்ன அதே நிறுவனம், பந்தயத் தளத்தை எண்ணிச் செய்த பாஸ் 302 ரகத்துக்கு 5டபிள்யூ-50 சொன்னது. ஆயில் 120, 130 டிகிரிக்கு ஏறும் ஓட்டத்துக்குக் கூடுதல் கெட்டி தேவை என்பதை அவர்களே ஒப்புக்கொண்டார்கள் என்று இதைப் படிக்கலாம். ஆனால் அந்தச் சூடு இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளத்தில் வரும். கீரனூருக்கும் திருமயத்துக்கும் போய்வருவதில் வராது. வேகமும் பாரமும் உண்மையிலேயே அதிகம் என்றால், கையேடு இரண்டு எண்களை அனுமதிக்கும் இடத்தில் பெரியதை எடுப்பது நியாயம். கையேட்டைத் தாண்டிப் போவது நியாயம் அல்ல. ‘ரேசிங்’ என்று அச்சிட்ட டப்பாவும் இதில் சேர்த்தி. அசல் பந்தய ஆயில் அடிக்கடி மாற்றப்படும் இன்ஜினுக்கானது. பல ஆயிரம் கிலோமீட்டர் அழுக்கைச் சுமப்பது அதன் வேலை அல்ல.

இந்த மாவட்டத்தில் இன்ஜினுக்கு உண்மையான பகை வெயிலைவிடத் தூசிதான். செம்மண் புழுதியும் கல் கிரஷர்களின் பொடியும் ஏர் ஃபில்டரின் ஓரத்தில் சிறு கசிவு கிடைத்தாலும் உள்ளே போய், ஆயிலில் கலந்து, சிலிண்டரை உப்புத்தாளாகத் தேய்க்கும். எந்த விலை ஆயிலும் மணலை மென்மையாக்காது. அடுத்த பகை குறுகிய ஓட்டம். வீட்டிலிருந்து கடைவீதி வரை நாலு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் காரில் ஆயில் முழுச் சூட்டை எட்டுவதில்லை. அதில் கலந்த பெட்ரோலும் ஈரமும் ஆவியாக வழியில்லாமல் தேங்குகின்றன. தூசி, குறுகிய ஓட்டம் இரண்டையுமே கார்க் கையேடுகள் கடுமையான பயன்பாட்டில் சேர்த்து, ஆயிலைச் சீக்கிரம் மாற்றச் சொல்கின்றன. விலை உயர்ந்த ஆயிலை ஊற்றிவிட்டு ஆண்டுக்கணக்கில் ஓட்டுவதைவிட, சரியான தரத்து நடுத்தர விலை ஆயிலைக் காலத்துக்கு முன்பே மாற்றுவது இன்ஜினுக்கு நல்லது.

ஆகவே கடையில் கேட்க வேண்டியவை மூன்றுதான்: கையேடு சொல்லும் எண், ஏபிஐ எஸ்பி அல்லது அதற்குப் பிந்தைய தரம், கார் நிறுவனம் தனி ஒப்புதல் எண் கேட்டால் அதுவும். கூடவே பில்லும், உடையாத சீலும். மெக்கானிக்கின் அனுபவத்தை ஃபில்டர் எப்படி இருக்கிறது, ஆயில் எங்கே கசிகிறது என்று பார்க்கப் பயன்படுத்துங்கள். எண்ணைத் தீர்மானிப்பதை இன்ஜினைச் செய்தவருக்கு விட்டுவிடுங்கள்.