கருப்பட்டி விற்கும் தளத்தில் முகவரி எங்கே?

நெல்லை மாவட்டம் உவரிப் பக்கம் கருப்பட்டி வாங்குகிறவர் சும்மா வாங்க மாட்டார். ஒரு துண்டை உடைத்து வாயில் போடுவார். சீனி கலந்ததா என்று கேட்டு, பதில் சொல்லும் ஆளின் முகத்தையும் பார்த்துக்கொள்வார். அப்புறம்தான் விலைப் பேச்சு. கப்பல் மாதா கோயிலுக்கும் சுயம்புலிங்க சுவாமி கோயிலுக்கும் வரும் வெளியூர்க்காரர்களும் இதைச் செய்யலாம். சென்னையில் உட்கார்ந்து செல்போனில் ஆர்டர் போடுகிறவருக்கு அந்த வசதி கிடையாது.

அவருக்குக் கண்ணில் படுவது தளத்தின் தோற்றம் மட்டுமே. 2002இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 2,600க்கும் மேற்பட்டவர்களிடம் இணையதளங்களைக் காட்டி எதை நம்புவீர்கள் என்று கேட்டது. வந்த கருத்துகளில் கிட்டத்தட்ட பாதி தோற்றத்தைப் பற்றியவை. அன்றைக்கு நல்ல தளம் அமைக்கக் காசு செலவானது. இவ்வளவு செலவழித்தவர் ஓடிப்போக மாட்டார் என்று நம்பவும் நியாயம் இருந்தது. இன்றைக்கு அரைநாளில் யார் வேண்டுமானாலும் பளபளப்பான கடை திறந்துவிடலாம். இணைய முகவரிக்குப் பக்கத்தில் தெரியும் பூட்டுப் படத்தையும் பலர் பெரிதாக நம்புகிறார்கள். நாம் அனுப்பும் விவரத்தை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதற்கு மட்டும்தான் அது உத்தரவாதம். மறுமுனையில் இருப்பவர் யோக்கியரா என்று அது சொல்லாது. மோசடித் தளங்களிலும் பூட்டு தொங்கியதால்தான் 2023இல் கூகுள் குரோம் அந்தப் படத்தையே எடுத்துவிட்டது.

பிரச்சினை வந்தால் ஆளைப் பிடிக்க முடியுமா? கேட்க வேண்டியது அதைத்தான். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி சட்டப்பூர்வப் பெயர், முகவரி, தொலைபேசி எண், குறைதீர் அலுவலரின் விவரம் எல்லாம் தளத்தில் தெளிவாக இருக்க வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் கிடைத்ததாகப் பதில் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்த்தாக வேண்டும். பெரிய கம்பெனிகளுக்கு மட்டுமான சட்டம் அல்ல இது. தொடர்ந்து வியாபாரம் செய்யும் சின்னத் தளத்துக்கும் உண்டு. உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் 14 இலக்க எண்ணும் வேண்டும். ஆனால் 'எங்களைப் பற்றி' பக்கத்தில் பாரம்பரியம், இயற்கை, பாட்டி கைப்பக்குவம் என்று நாலு பத்தி எழுதிவிட்டு, கீழே ஒரு வாட்ஸ்அப் எண்ணோடு முடித்துக்கொள்ளும் தளங்கள்தான் எத்தனை!

சரக்கைப் பற்றிச் சங்கடமான உண்மையைச் சொல்கிற தளம் இன்னும் நம்பத்தக்கது. பதநீர் கோடையில்தான் பெருகி வரும். காய்ச்சும் குடிசையான விடிலியில் அதைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றி எடுத்த கருப்பட்டியைத்தான் மற்ற மாதங்களில் வைத்து விற்கிறார்கள். மழைக்காலத்தில் அது ஈரம் இழுத்துக் கசியும். 'எந்த மாதம் காய்ச்சியது, கசிந்து வந்தால் என்ன செய்வது, எப்போது மாற்றித் தருவோம்' என்று எழுதி, கரி படிந்த விடிலியின் சொந்தப் படத்தையும் போடுபவர் தொழில் தெரிந்தவர். ஐப்பசி அடைமழையில் 'இன்று காய்ச்சியது, பாதி விலை, இன்னும் பத்து நிமிடம்தான்' என்று கடிகாரம் ஓட விடுபவரை என்ன சொல்வது? இல்லாத அவசரத்தைக் காட்டி வாங்கவைப்பதை 2023 நவம்பரில் மத்திய அரசு தடை செய்த 13 தந்திரங்களில் ஒன்றாகவே சேர்த்திருக்கிறது.

பணம் கட்டுவதற்கு முன் தளத்தில் உள்ள எண்ணுக்கு ஒரு போன் போடுங்கள். யாரும் எடுக்கவில்லை என்றால் அங்கே வாங்க வேண்டாம். சரக்கில் குறை என்றால் நுகர்வோர் உதவி எண் 1915; பணமே பறிபோயிருந்தால் உடனே இணையக் குற்ற உதவி எண் 1930.