கோழியில் வந்த கட்டி

எங்கட ஊர்ப் பக்கம் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரியவந்தால், சனம் கேட்கிற முதல் கேள்வி, "எந்த இடத்தில?" இரண்டாவது, "ஆள் சிகரெட் பத்துறவரோ?" பெண் என்றால், "வெத்திலை போடுறவவோ?" எல்லாவற்றுக்கும் இல்லை என்று பதில் வந்தால் விசாரணை வேறு பக்கம் திரும்பும். மைக்ரோவேவ், புரொய்லர் கோழி, பிளாஸ்ரிக் போத்தல், கடைசியில் போன பிறவி. நோயாளியின் தலையில் ஏதோ ஒரு குற்றத்தைச் சுமத்தாமல் எழும்பிப் போக எங்களுக்கு ஏலாது.

இந்த விசாரணை அநியாயமானது என்றுதான் சொல்லவந்தேன். இரக்கத்தால் மட்டும் சொல்லவில்லை. கலத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தாலும் அப்படித்தான் தெரிகிறது. அந்தக் கதை ஒரு கோழியில் தொடங்குகிறது.

1909இல் நியூயோர்க்கில் உள்ள ரொக்ஃபெல்லர் நிறுவனத்துக்கு, நெஞ்சில் கட்டி வந்த ஒரு கோழி கொண்டுவரப்பட்டது. பெய்ட்டன் ரவுஸ் என்ற ஆய்வாளர் அந்தக் கட்டியை அரைத்து, கலங்களோ பக்ரீரியாவோ கடந்துபோக முடியாத நுண்வடியால் வடித்து, வந்த நீரை வேறு கோழிகளுக்கு ஊசியால் ஏற்றினார். அவற்றுக்கும் அதே கட்டி வந்தது. வடிக்குள்ளால் போகக்கூடிய அளவு சிறிய ஏதோ ஒன்று புற்றுநோயைக் கொண்டுபோகிறது. அது ஒரு வைரஸ். 1911இல் இதை வெளியிட்டார். பெரிதாக யாரும் கணக்கெடுக்கவில்லை. கோழிதானே! எலிகளில் இதைச் செய்துகாட்ட ரவுஸால் முடியவும் இல்லை. சில வருடங்களில் அவரே வேறு வேலைக்குப் போய்விட்டார். நோபல் பரிசு வந்தது 1966இல், அவருடைய 87ஆவது வயதில். 55 வருடம் காத்திருந்திருக்கிறார் மனிதர்.

அந்த வைரஸிடம் ஒரு புதிர் இருந்தது. அது பெருகுவதற்குத் தேவையான மரபணுக்கள் மூன்றுதான். நான்காவதாக ஒன்றையும் காவித்திரிந்தது. அதன் பெயர் சார்க். அந்த ஒன்றை இழந்த வைரஸ்கள் எந்தக் குறையும் இல்லாமல் பெருகின, ஆனால் கட்டியை உண்டாக்கவில்லை. அப்படியென்றால் தனக்கு ஒரு பிரயோசனமும் இல்லாத இந்தப் பொருளை வைரஸ் எங்கே பொறுக்கியது?

1970களின் நடுப்பகுதியில் சான் பிரான்சிஸ்கோவில் மைக்கல் பிஷப், ஹரோல்ட் வார்மஸ், பிரான்சிலிருந்து வந்திருந்த டொமினிக் ஸ்தெலான் ஆகியோர், பீற்றர் வோக்டுடன் சேர்ந்து இதைத் தேடினார்கள். சார்க் மரபணுவுடன் மட்டும் ஒட்டக்கூடிய ஒரு கதிரியக்க டீ.என்.ஏ. துண்டைச் செய்து, அது வேறு எங்கே ஒட்டுகிறது என்று பார்த்தார்கள். ஒரு நோயும் இல்லாத, சுகதேகியான கோழியின் கலத்தில் ஒட்டியது. காடை, வான்கோழி, தாரா, கோழிக்கு மிகத் தூரத்துச் சொந்தமான ஈமு என்று மற்றப் பறவைகளிலும் ஒட்டியது. 1976இல் கட்டுரை வந்தது. பிறகு மனிதரிலும் அதே மரபணு இருப்பது தெரிந்தது. (1989இல் நோபல் பரிசு பிஷப்புக்கும் வார்மஸுக்கும் மட்டும் கிடைத்தது. பரிசோதனையைக் கையால் செய்த ஸ்தெலான் பகிரங்கமாகவே கோபப்பட்டார். எனக்கு அவருடைய கோபம் விளங்குது.)

அதாவது வைரஸ் அந்த மரபணுவைக் கோழியிடமிருந்து களவெடுத்திருக்கிறது. கட்டியை உண்டாக்கும் பொருள் வெளியிலிருந்து வந்த பிசாசு என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்க, அது வீட்டுப்பிள்ளை என்று தெரியவந்தது. கலம் எப்போது பிரியவேண்டும், எப்போது நகரவேண்டும் என்று செய்தி கொடுக்கிற ஒரு நொதியத்தைத்தான் சார்க் ஆக்குகிறது. அது இல்லாமல் எங்கள் உடம்பு ஒழுங்காக ஓடாது. எங்களிடம் இருக்கிற சார்க் புரதத்துக்கு ஒரு வால் உண்டு. வேலை இல்லாத நேரத்தில் அந்த வால் மடிந்து வந்து கொண்டி மாதிரிப் பூட்டிக்கொள்ளும். வைரஸ் களவெடுத்த பிரதியில் அந்த வால் துண்டுபட்டுப் போய்விட்டது. பூட்டுக் கழன்றதால் "பிரி, பிரி" என்ற கட்டளை நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது.

பூட்டைக் கழற்ற வைரஸ்தான் வேண்டும் என்றும் இல்லை. 1982இல் மனிதரின் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க் கலம் ஒன்றை ஆராய்ந்தபோது, ராஸ் என்ற மரபணுவில் ஒரேயொரு எழுத்து மாறியிருந்தது. புரதத்தின் பன்னிரண்டாவது இடத்தில் கிளைசின் இருக்கவேண்டியது, வலின் ஆகிவிட்டது. அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு கலம் பிரியும் ஒவ்வொரு தடவையும் சுமார் 600 கோடி எழுத்துகளைப் பிரதிபண்ணுகிறது. பிழை வரத்தான் செய்யும். பெரும்பாலானவற்றைக் கலமே திருத்திவிடும். சில தப்பும். ஒரு பிழை போதாது. வேகம் கூட்டுகிற மரபணுவும் கெட்டு, பிரேக் மாதிரியான மரபணுக்களும் கெட்டு, வருடக்கணக்கில் சேர்ந்துதான் கட்டி வருகிறது.

புகையிலையும் பாக்கும் இந்தப் பிழைகளைக் கூட்டும். அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. வெற்றிலைத் தட்டத்துக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. ஆனால் "விடுங்கோ" என்று சுகமாக இருக்கிறவருக்குச் சொல்வது ஒரு வேலை, படுத்திருக்கிறவரிடம் போய்க் கணக்குக் கேட்பது வேறொரு வேலை. நாங்கள் முதலாவதைச் செய்வதில்லை, இரண்டாவதை மட்டும் ஒழுங்காகச் செய்கிறோம்.

வைரஸ் என்ற சொல்லைக் கேட்டதும் நோயாளிக்குத் தனித் தட்டு, தனிக் கப் வைக்கிற வீடுகளும் உண்டு. புற்றுநோய் அப்படித் தொற்றுவதில்லை. சில வைரஸ்கள் தொற்றும். தொற்றியவர்களில் மிகச் சிலருக்கு, பல வருடம் கழித்து, அது புற்றுநோய் வரை போகும். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் அதற்கு நல்ல உதாரணம். ஹரால்ட் சூர் ஹவுசன் என்ற ஜேர்மன் ஆய்வாளரின் குழு 1983, 1984இல் அந்தக் கட்டிகளுக்குள் எச்.பி.வி. 16, 18 என்ற இரு வகைகளைக் கண்டுபிடித்தது. உலகில் அந்தப் புற்றுநோயில் சுமார் 70 வீதம் இந்த இரண்டாலும்தான் வருகிறது. இந்த வைரஸ் செய்வது ரவுஸின் வைரஸுக்கு எதிர்மாறு. அது கோழியின் மரபணுவைக் களவெடுத்தது. இது தன்னுடைய இரண்டு புரதங்களை வைத்து எங்கள் கலத்தின் பிரேக்குகளைப் பிடுங்குகிறது.

எச்.பி.வி. உடலுறவால் தொற்றும். உடனே எங்கட சனத்தின் பழைய விசாரணை தொடங்கிவிடும்: யாரோட, எப்ப? ஆனால் இது அவ்வளவு சாதாரணமான தொற்று. ஒரே ஒருவரோடு மட்டும் வாழ்ந்தவர்களுக்கும் வரும், அனேகமானவர்களில் தன்பாட்டில் போய்விடும். இந்த விசாரணைக்குப் பயந்து பரிசோதனைக்குப் போகாமல் விடுகிற பெண்ணுக்குத்தான் உண்மையான ஆபத்து. பாப் பரிசோதனை, கலங்கள் புற்றுநோயாவதற்குப் பல வருடம் முன்பே அவற்றின் மாற்றத்தைக் காட்டிக்கொடுக்கும். அந்த நேரத்தில் சின்னச் சிகிச்சை போதும்.

இலங்கையில் தரம் ஆறு படிக்கும் பெண்பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி 2017இலிருந்து இலவசமாகப் போடப்படுகிறது. "இந்தச் சின்ன வயசில ஏன்?" என்று முகம் சுழிக்கிற பெற்றோர் இருக்கினம். வைரஸ் வருமுன் போட்டால்தான் அந்த ஊசி முழுதாக வேலை செய்யும், அதனால்தான் அந்த வயது. இதை அவர்களுக்கு யார் சொல்வது? இதை வாசிக்கிற நீங்கள்தான். தங்கச்சி தரம் ஆறில் இருந்தால் ஊசி போட்டாச்சோ என்று வீட்டில் கேளுங்கோ. அம்மாவிடமும் கேளுங்கோ, எம்.ஓ.எச். கிளினிக்கில் 35 வயதிலும் 45 வயதிலும் செய்கிற பாப் பரிசோதனைக்குப் போனவவோ என்று. முதல் தரம் கேட்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும்.